முட்டிக்கு ஊசி, பாக்கெட்டில் டப்பா

வா மாப்ள, வா. நொண்டாம வர்றியே! செம்பனைக் குலை வெட்டித் தேஞ்ச முட்டியைக் கிள்ளான் சின்சே, அந்தச் சீன வைத்தியரு, தட்டி நிமித்திட்டாராக்கும்? முட்டிச்சில்லுக்குக் கீழ நாலு விரக்கடை விட்டு, வெளிப்பக்கமா ஒரு ஊசி இறக்கியிருப்பாரே? அந்த எடத்துக்கு 'சூசான்லி'ன்னு பேரு. முழிக்காத. காப்பார்ல உனக்கு முன்னாடி எங்களுக்கும் முட்டி இருந்துச்சு.

ஊசி குத்திக்கிறது குத்தமில்ல. கோலாலம்பூர் தோங் சின் ஆஸ்பத்திரியில 1881லேர்ந்து சீன வைத்தியம் நடக்குது. அரசாங்கமே 2007ல கெப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரியில பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொறந்துச்சு. தீராத வலிக்காரனுக்கும் பக்கவாதம் வந்து தேறுறவனுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியிலயே ஊசி குத்துறாங்க. ஆனா டாக்டர் சீட்டு எழுதித் தரணும். பார்த்தியா, அங்க ரெண்டு வைத்தியனுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும்.

நீதான் ரெண்டு வீட்டுக்காரன் மாதிரி திரியிற. சின்சேகிட்ட இனிப்பு நீருன்னு சொல்லல. கிளினிக் டாக்டர்கிட்ட சின்சேன்னு மூச்சு விடல. உன் பாதம்தான் மரத்துக் கெடக்கே! நாளைக்குச் சின்சே பாவம், நல்லது செய்யிறேன்னு மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவாரு. நீ சுகமா கண்ணை மூடிக் கெடப்ப. தோலு வெந்து கொப்பளம் கெளம்பினாலும் உனக்குத் தெரியாது. அப்புறம் அந்தப் புண்ணு எந்தக் காலத்துல ஆறுறது?

சரி, பாக்கெட்டுல என்ன டப்பா? பாசார் மாலாம்ல வாங்கினதா? ரெண்டே நாள்ல வலி பறந்துச்சா! மூலிகைக்கு அவ்ளோ அவசரம் கெடையாது மாப்ள. இந்த மாதிரி உருண்டைகளைச் சோதிச்சுப் பார்த்துட்டு, டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு சுகாதார அமைச்சு எத்தனையோ தடவ எச்சரிச்சிருக்கு. அது வலியை அமுக்கும், பசியைக் கெளப்பும், மொகத்தை உப்ப வைக்கும். உன் பொண்டாட்டிகூட "அவரு இப்பதான் சதை போட்டிருக்காரு"ன்னு பூரிச்சுப் போறா. ரத்தத்துல சீனி ஏறுறது கண்ணாடியில தெரியுமா?

ஏய், தூக்கி எறியாத! நாள்கணக்கா தின்னதைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு ஆடிப்போயிரும். டப்பாவோட டாக்டர்கிட்ட போ. திட்டுவாரு, வாங்கிக்க. இனிமே வாங்குற டப்பாவுல எம்.ஏ.எல். பதிவு நம்பர் இருக்கான்னு பாரு. பாரம்பரிய மருந்துன்னா அதுக்குக் கடைசியில 'டி' எழுத்து நிக்கும். வைத்தியருங்களுக்கும் 2016லேயே சட்டம் போட்டாச்சு, பதிவு பண்ணிக்கணும். உன் சின்சேகிட்ட பத்திரம் இருக்கான்னு மரியாதையா கேளு. ஊசியை உன் கண்ணு முன்னால புது உறை பிரிச்சு எடுக்குறாரான்னும் பாரு. கேட்டா கோவிச்சுக்குவாருன்னா வேற சின்சேயைத் தேடு, கிள்ளான்ல பஞ்சமா?

இப்ப மோட்டாரை இங்கயே நிறுத்திட்டு, முக்குக் கடை வரைக்கும் நடந்து போயி எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிட்டு வா. உனக்குச் சீனி இல்லாத தே ஓ கோசோங். கடைக்காரன்கிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சாச்சு, வழியில மாத்தலாம்னு பார்க்காத.