தொல்லை விலங்குகளை அடுத்த கொல்லைக்கு அனுப்புதல்: கீரமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரத்தில் சிவபெருமான் நிற்கிறார். எதிரே நக்கீரர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று இருவருக்கும் நடந்த வழக்கை 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படம் டூரிங் டாக்கீஸ் இருந்த ஊர்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால், நாலுகால் பிராணிகளுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற கிளைக் கேள்வியை வாதியும் எழுப்பவில்லை, பிரதிவாதியும் எழுப்பவில்லை. வீட்டுப் பரணில் மரநாய் குடியேறிய ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால், நெற்றிக்கண் வரைக்கும் விவகாரம் போயிருக்காது. சங்க காலத்திலிருந்து நிலுவையில் கிடக்கும் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வுப் பரப்பு, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தின் செம்மண் பூமி. கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம், சேந்தன்குடி, வடகாடு, மாங்காடு என்று நீளும் இந்த வட்டாரத்தில் தென்னையும் வாழையும் பலாவும் விளைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பூ விளைகிறது. விடியும் முன்பே மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் கமிஷன் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. மனிதனுக்குப் பிடித்த வாசனைக்கு இங்கே கிலோ கணக்கில் விலை உண்டு. பிடிக்காத வாசனை விலையில்லாமல் வீடு தேடி வரும் என்பதால் ஆய்வுச் செலவு குறைவு.

நாற்றம் பீய்ச்சும் விலங்கு என்றதும் உலகம் அமெரிக்காவின் ஸ்கங்கைத்தான் நினைக்கிறது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தப் பிராணி, வாலடிச் சுரப்பியிலிருந்து சுமார் 3 மீட்டர் தூரத்துக்குக் குறிபார்த்து அடிக்கும். புள்ளி ஸ்கங்க் அடிப்பதற்கு முன் முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாக நின்று எச்சரிக்கையும் கொடுக்கும். பாராட்ட வேண்டிய நாகரிகம். அது பீய்ச்சுவது தயால் என்ற கந்தகச் சேர்மங்கள். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் கலக்கிற நெடியும் இதே குடும்பம்தான். தக்காளிச் சாற்றில் குளித்தால் போய்விடும் என்று அமெரிக்கக் கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் நாற்றம் போவதில்லை. மூக்குதான் சலித்துப்போய் வேலையை நிறுத்திக்கொள்கிறது. 1993இல் பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் சரியான மருந்தை வெளியிட்டார்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, கொஞ்சம் சோப்புத் திரவம். கலந்ததும் பயன்படுத்திவிட வேண்டும். மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும் என்பதால் இதைக் கடையில் வைத்து விற்க வழியில்லை.

இந்தியாவில் ஸ்கங்க் கிடையாது. அதன் நெருங்கிய உறவினர்கள் சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பலவான் தீவுகளோடு நின்றுவிட்டார்கள். அந்தக் காலியிடத்தைக் கீரமங்கலம் வட்டாரத்தில் இரண்டு பேர் தற்காலிகப் பணியாளர்களாக நிரப்பிவருகிறார்கள்: மேலே மரநாய், கீழே மூஞ்சூறு.

மரநாய் நாயே இல்லை, புனுகுப்பூனைக்குச் சொந்தக்காரர். பகலெல்லாம் பொந்திலோ பரணிலோ தூங்கி, இருட்டியதும் வேலைக்குக் கிளம்புவார். பனைமரத்தில் கட்டிய கலயத்திலிருந்து கள் குடிப்பதால் வெள்ளைக்காரர்கள் இவருக்குக் ‘கள்ளுப்பூனை’ என்று பெயர் வைத்தார்கள். காபித் தோட்டத்தில் இவருடைய சகோதரர்கள் பழத்தைத் தின்று வெளியே போட்ட கொட்டையைக் கழுவி வறுத்து, ‘லூவாக் காபி’ என்று உலகத்தின் மிக விலையுயர்ந்த காபிகளில் ஒன்றாக விற்கிறார்கள். சொந்தக்காரரான புனுகுப்பூனையின் சுரப்பு, திருப்பதி பெருமாளின் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தில் சேர்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் கீரமங்கலத்து மரநாய்க்குக் கிடைக்கும் மரியாதை, செருப்பும் விறகுக்கட்டையும்தான். மிரட்டினால் அதுவும் வாலடிச் சுரப்பியிலிருந்து துர்நாற்றத்தை வெளியே விடும். அதோடு, பழக்கொட்டைகள் நிறைந்த எச்சத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போகும். வீட்டுக்காரர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு நோக்கில் பார்த்தால், அத்தி விதையும் ஈச்சங்கொட்டையும் நட ஊருக்குள் வேறு ஆள் இல்லை.

தென்னந்தோப்புக் குற்றங்கள் பலவும் மரநாயின் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. இங்கே தடயவியல் தேவை. குரும்பையிலோ இளநீரிலோ காம்புப் பக்கம் ஓட்டை போட்டிருந்தால் அது பெரும்பாலும் எலியின் வேலை. அதற்குத்தான் மரத்தைச் சுற்றி ஆள் உயரத்தில் வழுக்குகிற தகரம் அடிக்கிறார்கள். 25 அடி இடைவெளி விட்டு நட்ட தோப்பில் தகரம் நன்றாகவே வேலை செய்யும். நெருக்கி நட்ட தோப்பில், தகரம் அடிக்காத பக்கத்து மரத்தில் ஏறி மட்டைவழியாக வந்துவிடும் எலி. இந்தத் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்; மொத்த ஆய்வும் இதன்மேல்தான் நிற்கிறது.

மூஞ்சூறு எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் பிராணி. கரப்பான் ஒழிப்பில் அரசு ஊதியம் பெறாத ஊழியர். விலாப்புறச் சுரப்பியால் கஸ்தூரி நெடி அடிக்கும். முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்வ, அடுத்த குட்டி முன்னதைக் கவ்வ, அடுப்படியில் பாசஞ்சர் ரயில் ஓடும். “தான் போக வழியைக் காணோமாம், விளக்குமாற்றைக் கவ்விக்கொண்டதாம்” என்று ஊர் இதைக் கேலி செய்யும். மூடிய ஒயின் பாட்டில்மேல் மூஞ்சூறு ஓடினால் உள்ளே இருக்கும் ஒயின் நாறிவிடும் என்று அந்நாளைய ஆங்கிலேயர்கள் நம்பினார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி 1867இல் நூல் எழுதிய ஜெர்டன், இதை நம்ப மறுத்தார். ஜெர்டன் பக்கமே நியாயம் தெரிகிறது: சரக்கு கெட்டதற்கு அனுப்பிய கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதைவிட மூஞ்சூறின்மேல் பழி போடுவது சுலபம்.

மயிலுக்கு நாற்றம் இல்லை. ஆனால் கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் அது செய்வதைப் பார்த்தவர்கள், நாற்றமே தேவலை என்பார்கள். 1963இல் தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கொன்றவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. இதே மாவட்டத்தின் மேற்கு மூலையில் விரலிமலை மயில்களுக்குப் பேர்போனது. அங்கே முருகனே ஜாமீன். தினைப்புனத்தில் கிளியோட்டிய வள்ளியை மணந்தவரே மயில் வைத்திருந்தார் என்பதைப் புராணம் கவனிக்காமல் விட்டுவிட்டது. விரட்டுகிறவரும் வளர்க்கிறவரும் ஒரே குடும்பமாகிவிட்ட பிறகு விவசாயி யாரிடம் மனு கொடுப்பது?

விரட்டும் கருவிகளுக்கு இங்கே இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. குறிஞ்சிப்பாட்டு காலத்தில் தழல், தட்டை, குளிர். இன்று தகர டப்பா, பட்டாசு, காற்றில் விர்ரென்று இரையும் பளபளப்பு ரிப்பன், கண்திருஷ்டி பொம்மை, நைலான் வலை. வயலைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகளைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம். வண்ணவண்ணமாக ஆடும் வேலியைப் பார்த்துப் பன்றியும் மயிலும் முதல் வாரம் மிரளும். இரண்டாம் வாரம் அது சேலைதான் என்று புரிந்துகொள்ளும். பலாப்பழத்துக்குச் சாக்குப்பை கட்டுவது மட்டும் ஓரளவு நிற்கிறது. வவ்வாலும் அணிலும் பக்கத்துப் பழத்துக்குப் போய்விடுகின்றன.

மின்வேலி இந்த ஆய்வில் சேராது. அதில் சிரிக்க எதுவும் இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே திருட்டு மின்சாரம் பாய்ந்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. வேலி போட்டவரின் சொந்தக்காரர்களே மிதித்துச் செத்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு அதே ஆண்டு விதி கொண்டுவந்தது.

மேற்கண்ட தரவுகளிலிருந்து பிறப்பதுதான் ‘தொல்லை அழியா விதி’: தொல்லையை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, அடுத்த கொல்லைக்கு மாற்ற மட்டுமே முடியும். தகரம் அடித்தால் எலி பக்கத்து மரத்துக்கு, சேலை கட்டினால் மயில் பக்கத்து வயலுக்கு, ஓட்டை அடைத்தால் மரநாய் பக்கத்து வீட்டுக்கு. களச் சான்று, வேலி ஓரத்தில் நடக்கும் உரையாடல்:

“என்னப்பா, ராத்திரி எங்க மச்சுல ஏதோ தடதடன்னு ஓடுச்சே?”

“பூனையா இருக்கும்ண்ணே.”

சொன்னவர் முந்தின நாள் மாலைதான் தன் வீட்டு ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்.

அரசுகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு எல்லை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றி தன் சர்வே எண்ணைத் தெரிந்து நடக்கும் என்ற நம்பிக்கைமேல் நிற்கிற ஏற்பாடு. இலங்கை இன்னும் பெரிதாகச் சிந்தித்தது: ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் பேசப்பட்டது. அடுத்த கொல்லை என்பதன் எல்லையைக் கடல் தாண்டி நீட்டியதற்காக அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிறகு 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணி முதல் 8.05 வரை, தோட்டங்களிலும் வயல்களிலும் நிற்கும் குரங்கு, மயில், மலையணிலை நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணச் சொன்னார்கள். ஐந்தே நிமிடம், ஒரே மயிலை இரண்டு வீட்டுக்காரர்கள் எண்ணிவிடக் கூடாதே!

இந்தியச் சட்டமோ ஒரு காலத்தில் காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வவ்வால் ஆகியவற்றைத் ‘தீங்குயிர்’ என்று ஐந்தாம் அட்டவணையில் ஒதுக்கிவைத்திருந்தது. இலுப்பை விதையைப் பரப்புகிற வவ்வாலுக்கு இந்தப் பட்டம்! 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மரநாய் எதற்காக வீட்டுக்குள் வருகிறது? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட பலா காய்க்கச் சில ஆண்டுகள் போதும். பொந்து வைக்க அதைவிட நெடுங்காலம் ஆகும். மாவட்டத்தில் காடு இருந்த இடங்கள் பலவற்றில் தைலமரம் நிற்கிறது. அதில் பழமும் இல்லை, தங்க வசதியும் இல்லை. தொல்லை அழியா விதிப்படி பார்த்தால், முதலில் அடுத்த கொல்லைக்கு அனுப்பப்பட்டது மரநாய்தான். அந்த அடுத்த கொல்லை நம்முடைய பரணாக அமைந்துவிட்டது.

ஆகவே, ஓட்டையை அடைக்கப் போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். பகலில் அடைக்காதீர்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். இருட்டி, அது வெளியே போன பிறகு அடையுங்கள். குட்டி இருந்தால் அவை தானாக நடமாடும்வரை பொறுங்கள். சிமெண்ட் குழைப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.