றப்பரும் குண்டும்

கேள்வி: ஹிட்லருக்கும் சர்ச்சிலுக்கும் சண்டை, சரி. ஜப்பான்காரன் ஏன் கொழும்பில் வந்து குண்டு போட்டான்?
– வாசகர், எட்டியாந்தோட்டை

பதில்: 'ஆசியா ஆசியருக்கே' என்றெல்லாம் அவன் முழங்கியது மேல்பூச்சு. அடியில் நாறியது எண்ணெய். 1937 முதல் சீனாவை அடித்துக்கொண்டிருந்த ஜப்பானுக்கு எண்ணெயில் பெரும்பகுதியை விற்றதே அமெரிக்காதான்! 1941 ஜூலையில் ஜப்பான் படை தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா விற்பனையை முடக்கிற்று. கடைக்காரர் கடன் கொப்பியை மூடினார். வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடையை உடைத்தார். அந்தக் கடையில் இருந்தவை டச்சுக்காரரின் இந்தோனேசிய எண்ணெய், வெள்ளைக்காரரின் மலாயா றப்பர், வெள்ளீயம். எதுவுமே அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்து அல்ல என்பது வேறு கதை.

மலாயா விழுந்ததும் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய றப்பர்க் காடு இலங்கை. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் பட்டை போனால் போகட்டும் என்று பால் வெட்டச் சொன்னார்கள். மரத்துக்கும் ஓய்வில்லை, வெட்டியவருக்கும் இல்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பில் விழுந்த குண்டுகள் தேடியது, உடைத்துப் பிடித்த கடையைத் திருப்பிப் பறிக்க வரக்கூடிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை. உங்கள் மரங்களை அல்ல. போர் முடிந்து ஏழே ஆண்டில், 1952இல், அதே றப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டோம்.