வளைவுக்கொரு பட்டா

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். விண்டோஸிலோ, பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும் 'காம்' வகை டிஎல்எல் கோப்பைப் பதிய 'ரெக்எஸ்விஆர்32' என்ற ஒரே கட்டளை. என்ன நேர்த்தி! விண்ணப்பத்தைக் கோப்பே எழுதும். விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் 128 பிட் அடையாள எண்ணும் முகவரியும் ஏறிவிடும்.

பிறகு கோப்பை வேறு அடைவுக்கு மாற்றினால்? ரெஜிஸ்ட்ரி பழைய முகவரியையே காட்டும். ஆள் குடிபெயரலாம், ஆவணம் குடிபெயருமா!

மலைப்பாதைக்கும் இந்தப் பதிவு முறையைக் கொண்டுவரலாம். பதியாத வளைவில் பேருந்து திரும்பக் கூடாது. நேரே போகட்டும்.

பெயர்ப்பலகைக்கும் முன்மாதிரி உண்டு. 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் குடியிருப்பது 'சிஸ்டம்32'இல். 32 பிட் கோப்புகளுக்கு 'சிஸ்வாவ்64'. அடிவாரக் காரவள்ளியில் 'செம்மேடு' என்றும், மேலே செம்மேட்டில் 'காரவள்ளி' என்றும் எழுதிவிட்டால் போதும். ஏறாமலே மலை வந்துவிடும்.