வேர் வாடலுக்கு ஒரு சீட்

முதுகலைத் தோட்டக்கலையை எங்கே படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் கோவைப் பெரியவர்கள் தரும் அருள்வாக்கு ஒன்றே ஒன்று: "பேர் பெத்த காலேஜாப் பாரு கண்ணு." லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழகம் கிடைத்தால் சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொள்ளலாம். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கிடைத்தால் கல்யாணப் பத்திரிகையில் போடலாம். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் என்றால், "அது எங்கீங்க இருக்குது?" என்பார்கள், தவிர்ப்பது குடும்ப கௌரவத்துக்கு நல்லது.

பொண்ணு பார்க்கப் போனால் என்ன கூட்டம், காடு எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணி எத்தனை அடியில் என்று துருவி விசாரிக்கிற சீமை இது. பிள்ளை இரண்டு வருஷம் யாரிடம் தொழில் கற்கப் போகிறான், அந்த கைடு கடைசியாக எப்போது ஒரு விவசாயி தோட்டத்தில் கால் வைத்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டாலும், முடிவு செய்வது ரேங்க்தானே! அகில இந்திய நுழைவுத்தேர்வில் 120 கேள்விகள். சரியான கட்டத்தைத் தொட்டால் 4 மதிப்பெண், தப்பினால் 1 கழிவு. பிறகு கவுன்சலிங். பொள்ளாச்சித் தோப்புக்காரர் மகன் தென்னையும் அடங்கிய மலைத்தோட்டப் பயிர்ப் பிரிவைக் கேட்டுப் போவான். ரேங்க் அவனை மலரியலில் உட்கார வைக்கும். அப்பாவின் தென்னையில் வேர் வாடல். மகனோ ரோஜாவுக்கு எத்தனை பிபிஎம் தெளிக்கலாம் என்று தீசிஸ் எழுதுவான்.

வேர் வாடல் நேற்று முளைத்ததல்ல. 1882-லேயே கேரளத்து ஈராட்டுப்பேட்டைப் பக்கம் பதிவான நோய். ஓலை துவண்டு உள்ளே வளையும், குரும்பை கொட்டும், காய்ப்பு சுருங்கும். மரம் உடனே சாகாமல் நின்று உயிரை வாங்கும். பைட்டோபிளாஸ்மாதான் காரணம் என்று கண்டாயிற்று, குணமாக்கும் மருந்துதான் இல்லை. அரசு நீட்டும் சிகிச்சை ரம்பம்: வெட்டி அப்புறப்படுத்த மானியம்!

ஆராய்ச்சியால் ஆகாது என்று யாரும் கதை விட வேண்டாம். பெரியகுளத்தில் உருவாகி 1989-ல் வெளியான பி.கே.எம்.1 முருங்கை, விதை போட்ட ஆறு மாசத்தில் காய்த்து, கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆளும் காலமும் கொடுத்தால் நடக்கும்.

நாம் கொடுப்பது என்ன? பட்டம் முடித்தவனுக்கு ஒப்பந்தத்தில் புராஜெக்ட் வேலை. அது முடிந்ததும் வங்கித் தேர்வு எழுதி, வேளாண் கள அலுவலர் ஆகிறான். அதற்கு நாலு வருஷப் பட்டமே போதும், முதுகலை வீண். தென்னைக்கு மருந்து தேடியிருக்க வேண்டியவன், தோப்புக்காரர் அடகு வைக்கும் தாலிக்கொடிக்குப் பயிர்க்கடன் கையெழுத்துப் போடுகிறான். அவனைக் குறை சொல்ல இங்கே எவனுக்கும் யோக்கியதை இல்லை.

தம்பி, நீ சேரும் முன் துறை நூலகத்தில் பழைய தீசிஸ்களைப் புரட்டு. எது விவசாயி காட்டுக்குப் போனது, எது அலமாரியிலேயே செத்தது என்று கேள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் ஃபீஸ் கட்டாதே.

ஆள்வோருக்கும் ஒன்று. ரேங்க்படி சீட் பிரிக்கத் தெரிந்த உங்களுக்கு நோய்படி பிரிக்க ஏன் வக்கில்லை? வேர் வாடலுக்கு இத்தனை சீட், ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணி, முடித்தால் நிரந்தர வேலை என்று அறிவியுங்கள். நிதி இல்லை என்பீர்கள். மரத்தை வெட்ட மட்டும் எங்கிருந்து வந்தது?