பழைய லாரி வெள்ளோட்டம்: பெருமாநல்லூர் மரபு குறித்த ஓர் ஆய்வு

பழுது நீக்கிப் புதுப்பித்த பழைய லாரியை முதன்முறையாகச் சாலையில் இறக்கி ஓட்டிப் பார்க்கும் வினை வெள்ளோட்டம் எனப்படும். இதன் நோக்கம் வண்டியைச் சோதிப்பதே என்பது பொதுக் கருத்தாயினும், திருப்பூருக்கு வடக்கே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் அமைந்த பெருமாநல்லூரின் நடைமுறையை உற்றுநோக்குவோர், அங்கே சோதனைக்குள்ளாவது வண்டியைவிட அதைச் சூழ்ந்து நிற்போரின் அபிப்பிராயங்களே என்ற முடிவுக்கு வருவர்.

ஆய்வுப்பொருளை வரையறுப்பது முறை. டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 1954-இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜாம்ஷெட்பூரில் உருவான லாரிகள் முகப்பில் மும்முனை நட்சத்திரத்தைத் தாங்கின. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் இறங்கிய பின்னரும் பழைய டிரைவர்கள் அவ்வண்டிகளைப் ‘பென்ஸ்’ என்றே அழைத்தனர். இன்ஜின் மூக்காக முன்னே நீண்ட அவ்வகை லாரியே இங்குக் கொள்ளப்படுகிறது.

கொண்டத்துக்காளியம்மனை வேண்டிப் பூசை முடித்ததும் முதற்சிக்கல் எழுகிறது. முன்னே இரண்டு, பின்னே இரட்டைச் சக்கரங்களாக நான்கு என லாரிக்கு 6 டயர்கள் உள்ளமையால், எலுமிச்சம்பழம் எத்தனை என்பதில் இரு கட்சிகள் உண்டு. பின்புற உள்டயர் எவர் கண்ணிலும் படாதாகையால் அதற்குக் கண்ணேறு இல்லை என்பது நாலுபழக் கட்சியின் வாதம். வழியில் பஞ்சரானால் வெளிடயரையும் கழற்ற வைத்து உயிரை எடுப்பது உள்டயரே என்பது ஆறுபழக் கட்சியின் மறுப்பு. பின்னதே வலுவான வாதம் எனினும், இரட்டை டயருக்கு இடையே கையை நுழைத்துப் பழம் வைக்க அக்கட்சியினரே முன்வருவதில்லை.

அடுத்தது கியர். வேகங்களைத் தானே இணக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு இல்லாத பழைய கியர் பெட்டியில், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொணர்ந்து, விட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போடும் முறை டபுள் கிளட்ச் எனப்படும். கியரைக் குறைக்கும்போது இடையில் ஆக்ஸிலேட்டரையும் ஒரு தட்டு தட்ட வேண்டும். கார் மட்டும் ஓட்டிப் பழகியவர் இதைச் செய்கையில் எழும் நறநறப்பு, உடன் செல்வோரிடையே ஓசைக் கோட்பாடுகளைத் தோற்றுவிக்கிறது. அதே ஓசையை மெக்கானிக் டிரைவரின் கால் என்கிறார். டிரைவர் கியர் பெட்டி என்கிறார். பெயிண்டர் தமக்குத் தொடர்பில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறார். பணம் கொடுத்த உரிமையாளருக்கோ ஓசையே கேட்பதில்லை.

குன்னத்தூர் சாலையில் வண்டி இருமி நின்றுவிடுமாயின், டீசல் குழாயில் காற்று புகுந்துள்ளது எனக் கொள்ளலாம். டீசல் பில்டரின் மேல் திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அடிக்க, முதலில் நுரையாகவும் பிறகு குமிழின்றியும் டீசல் வழியும். அந்நொடியில் திருகை இறுக்க வேண்டும். இத்தனைக்கும் இரண்டு கைகள் போதும். ஆயினும் சராசரியாக ஐந்து பேர் குனிகின்றனர்.

இவ்வூர் ஆய்வாளர்க்கு வாய்த்த தனிச்சிறப்பு பனியன் வேஸ்ட் ஆகும். கம்பெனிகளில் வெட்டிக் கழித்த இத்துணித்துண்டு, வெளியூர் ஒர்க்‌ஷாப்புகள் விலை கொடுத்து வாங்குவது. இங்கோ கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது. வண்டிக்கடியில் துடைத்த வெள்ளைத் துண்டை ஓலைச்சுவடிபோல் விரித்துப் படிக்கலாம்: கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில், பிசுபிசுத்துக் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், நனைந்தும் நிறம் மாறாவிட்டால் ரேடியேட்டர் ஹோஸ். மூன்றும் ஒரே துண்டில் இருந்தால் பாடபேதம். தேநீர்க் கடைக்குச் சென்றே தீர்க்கப்படும்.

சட்ட நிலையும் கவனத்திற்குரியது. 2021-இல் வெளியான மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகள், 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்குமே தொன்மை வாகனம் என்னும் தகுதியும் ‘விஏ’ வரிசை எண்ணும் அளிக்கின்றன. சரக்கு லாரி அவ்வரையறைக்குள் வரவில்லை. ஆகவே நட்சத்திரம் மின்னும் இவ்வண்டி, சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய லாரியே. எப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக அது நேற்று வந்த பன்னிரண்டு சக்கர வண்டிகளுக்குப் பின்னே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அங்கும் வந்து குனிந்து பார்க்க ஐந்து பேருக்குக் குறைவிராது.