ரோமாபுரியின் உடையும் அந்தஸ்தும்

கேள்வி: ரோமாபுரியில் பிரஜை யார், அந்நியன் யார் என்று எப்படிக் கண்டுகொண்டார்கள்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: டோகா என்னும் கம்பளி மேலாடை பிரஜைகளுக்கே உரியது, நாடுகடத்தப்பட்டவன் அதையும் இழந்தான். சுமார் 5 மீட்டர் நீண்ட அந்த அரைவட்டத் துணியை இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கக்கத்தின் கீழே கொண்டுவந்து, மறுபடியும் இடது தோளின்மேல் வீசி, ஊசியோ முடிச்சோ இன்றி இடது கையாலேயே தாங்கி நிற்க வேண்டும். ஒரு கை அதற்கே அடிமைப்பட்டுவிட்டபடியால், தம் வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக் கனவான்கள் வாய் திறவாமலே பிரகடனம் செய்துவிட்டார்கள்.

கேள்வி: பிரஜைகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: உண்டு, உள்ளங்கியில் தோளிலிருந்து இறங்கும் ஊதாப் பட்டை அகலமானால் செனட் அங்கத்தினர், ஒடுங்கினால் அடுத்த படியிலுள்ள குதிரைவீரர் வகுப்பினர். தேர்தலில் நிற்பவரோ சீமைச்சுண்ணாம்பு தேய்த்துப் பளீரென்று வெளுத்த டோகாவில் ஓட்டுக் கேட்பார். கி.மு. 432-இல் இதைத் தடுக்கச் சட்டம் வந்ததாக ரோமானியச் சரித்திராசிரியர் லிவி எழுதுகிறார். சட்டம் வந்ததேயன்றி வெள்ளை போகவில்லை.

கேள்வி: ஊதாவுக்கு ஏன் அத்தனை மதிப்பு? (சேலம் வாசகர்)

பதில்: பினீஷியக் கடற்கரையிலிருந்த டயர் நகரத்து ஊதாச் சாயம் கடல் நத்தைகளிடமிருந்து வந்தது. 1909-இல் ஃபிரீட்லெண்டர் என்னும் ரசாயன அறிஞர் 12,000 நத்தைகளைப் பலியிட்டுப் பெற்ற சாயம் 1.4 கிராம். கி.பி. 301-இல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி விதித்த விலைக் கட்டளையிலோ ஊதாச் சாயப் பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 தினாரி நாணயங்கள். அதை உடுத்தியவர் தம் பொக்கிஷத்தையே உடுத்தியவராவார்.

கேள்வி: பெண்கள் சும்மா இருந்தார்களா? (யாழ்ப்பாணத்து வாசகி)

பதில்: இருந்திருந்தால் சரித்திரம் சுவையற்றுப் போயிருக்கும், அம்மா! கார்த்தேஜ் நகரத்துச் சேனாதிபதி ஹானிபாலோடு யுத்தம் நடந்த கி.மு. 215-இல், பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் பொன் வைத்திருக்கக்கூடாது, வர்ண ஆடை உடுத்தக்கூடாது என்று ஓப்பியன் சட்டம் இயற்றினார்கள். யுத்தம் முடிந்தும் சட்டம் முடியாமையால், கி.மு. 195-இல் பெண்கள் வீதிகளில் திரண்டார்கள். சட்டத்தைக் காக்கக் கான்ஸல் என்னும் தலைமை அதிகாரியான கேட்டோ முழங்கிய பிரசங்கம் தோற்றது, சட்டம் ரத்தாயிற்று.

கேள்வி: அடிமைகளுக்குத் தனிச் சீருடை உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அவ்வாறு ஒரு யோசனை செனட் சபையில் எழுந்ததுண்டு என்கிறார் ரோமானியத் தத்துவ ஞானி செனெக்கா. அடிமைகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, எஜமானர்களை எண்ணத் தொடங்கினால் என்ன அபாயம் விளையும் என்று உணர்ந்ததும், கனவான்கள் யோசனையைக் கைவிட்டார்கள்.

கேள்வி: டோகாவை எல்லோரும் பிரியமாக அணிந்தார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: பிரியமிருந்தால், டோகா இல்லாதவரைப் பொதுமன்றத்தில் அனுமதிக்கக்கூடாதென்று அகஸ்டஸ் சக்கரவர்த்தி உத்தரவிட நேர்ந்திராது. பின்னர் ஜுவெனல் என்னும் அங்கதக் கவி, இத்தாலியின் பெரும்பகுதியில் பிணத்துக்குத்தான் டோகா என்று பரிகசித்தார். ஒரு கௌரவத்தைக் காக்க அரசாங்கம் ஆணை பிறப்பிக்கத் தொடங்கிவிட்டால், அந்தக் கௌரவம் ஏற்கெனவே பாதி போய்விட்டதென்று கொள்ளலாம்.