சுத்திகரிப்புச் சித்தப்பா

குடும்பத்தில் பந்தி விசாரிக்க ஆள் இருக்கிறாரோ இல்லையோ, பழைய கம்ப்யூட்டரைக் கண்ட மாத்திரத்தில் கை துறுதுறுக்கிற சித்தப்பா ஒருவர் இருந்தே தீருவார். அழைப்பு என்ற சம்பிரதாயமெல்லாம் அவருக்கு அவசியமில்லை. காப்பி வரும் வரையில் சும்மா இருப்பானேன் என்று நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சி டிரைவுக்கு நேரே தெரிகிற பட்டை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டாரென்றால், அந்த யந்திரத்தின் பூர்வ புண்ணியம் அன்றோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். காலியிடம் பத்தில் ஒரு பங்குக்கும் குறையும்போது விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாகக் காட்டுவது வழக்கம். சித்தப்பாவோ அதைத் தமக்கென்றே வந்த அவசரத் தந்தியாகப் பாவிக்கிறவர்.

அவருடைய சித்தாந்தம் மிகவும் சுருக்கமானது: பெயரில் பழைய வருஷம் இருந்தால் பொருளும் பழையது, பழையது யாவும் குப்பை. இத்தகைய வைராக்கியம் உள்ளவருடைய சொந்த வீட்டுப் பரணில், எப்போதோ தகனமாகிவிட்ட மிக்ஸியின் அட்டைப்பெட்டியும், மூடப்பட்ட வங்கிக் கணக்கின் பாஸ்புக்கும், ஒற்றை டென்னிஸ் பந்தும் பத்திரமாக வாசம் செய்கின்றன என்பதைச் சித்தியே சொல்லக் கேட்டிருக்கிறேன். துறவு மனப்பான்மை அவருக்குப் பிறர் வீட்டு கம்ப்யூட்டரில் மட்டுமே சித்திக்கிறது.

கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தவுடன் அவர் கண்ணில் முதலில் படுவது, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்ற நாமத்தோடு 2005, 2008, 2010, 2012, 2013 என்று வரிசையாக நிற்கும் கூட்டம்.

"பாருங்க அண்ணி, ஒரே சரக்கு அஞ்சு தரம் இருக்கு. இது எதுக்கு?"

"அது ஏதோ தானா வந்தது தம்பி. இருந்துட்டுப் போகட்டுமே."

"2010-ல வந்ததை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

ஒரே சரக்கு அல்ல அது. 2010-ஆம் வருஷத்துக் கருவியால் ஆக்கப்பட்ட புரோகிராம் 2010-இன் துணைக்கோப்புகளைத்தான் தேடுமே ஒழிய, 2013 வந்து நின்றாலும் ஏறெடுத்துப் பார்க்காது. அதனால்தான் ஐந்தும் ஏககாலத்தில் குடியிருக்கின்றன. அவற்றை ஒன்றுவிடாமல் நீக்கினாலும் மிச்சமாகும் இடம் சொற்பத்திலும் சொற்பம். ஆயினும் சம்ஹாரம் நடந்தேறியது. மறுநாள் காலையில் தையற்கடைக் கணக்கைத் திறக்கப் போன அண்ணிக்கு, எம்.எஸ்.வி.சி.ஆர். 100 என்ற டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை என்ற செய்தி மட்டுமே தரிசனம் தந்தது. தொலைபேசியில் முறையிட்டபோது சித்தப்பா கிஞ்சித்தும் கலங்கவில்லை. "இத்தனை நாளா அது ஓடினதே ஆச்சரியம் அண்ணி" என்று சொல்லிவிட்டார்.

இந்த வர்க்கத்தார் இன்று நேற்றுத் தோன்றியவர்களல்லர். 2002-இல், கரடிப் பொம்மைச் சித்திரம் போட்ட கோப்பு ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தால் அது வைரஸ், உடனே நீக்கி நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் உலகமெங்கும் சுற்றிவந்தது. அந்தக் கோப்போ, ஜாவா புரோகிராம்களில் பிழை தேடுவோருக்காக மைக்ரோசாஃப்ட் தானே விண்டோஸில் வைத்த சாது. பார்த்தவர்கள் வீட்டிலெல்லாம் கரடி இருந்தது, இருந்தவர்களெல்லாம் நீக்கினார்கள், நீக்கியவர்கள் பரோபகார சிந்தையோடு அடுத்தவருக்கும் எழுதினார்கள். வைரஸே இல்லாமல் வைரஸின் கைங்கரியத்தை மனிதர்களே செய்து முடித்த அந்த வைபவத்தில் நம் சித்தப்பாமார்களின் பங்கு கணிசமாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

விநோதம் என்னவென்றால், உண்மையிலேயே நீக்கத்தக்கது எதுவோ அதன் பக்கம் அவர் போவதில்லை. விண்டோஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது, பழைய பதிப்பு முழுவதையும் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் அது கட்டி வைக்கிறது. திரும்பிப் போக மனம் வந்தால் உதவட்டும் என்ற ஏற்பாடு. பத்து நாள் கழித்துப் பெரும்பாலும் தானே அழிந்துவிடும். அழியாமல் தங்கினால் பத்து, இருபது ஜி.பி. வரை அடைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளுக்கான பொத்தானை அழுத்தி, முந்தைய விண்டோஸ் என்ற வரியில் டிக் செய்தால் தீர்ந்தது. ஆனால் சண்டை சச்சரவில்லாத இந்த மார்க்கம் சித்தப்பாவுக்கு ருசிப்பதில்லை. அதை விட்டுவிட்டு வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரின் அளவைக் கண்டு அவர் மீசை துடிக்கிறது. ஒரே கோப்பை இரண்டு விலாசங்களில் காட்டும் தந்திரத்தால் அதன் கனம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றுகிறது என்றும், அதைக் கையால் அழித்தால் விண்டோஸே எழுந்திராமற் போகலாம் என்றும் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு அனுபவம் போதாது என்பார்.

அதே டிரைவில், சித்தப்பா குடும்பக் குழுவுக்குத் தினந்தோறும் அனுப்பிய காலை வணக்கப் படங்களும், அவர் மகள் கல்யாண வீடியோவின் மூன்று பிரதிகளும் ஏகபோகமாக இடம் பிடித்திருக்கின்றன. அவற்றைச் சுட்டிக் காட்டினால், "அதெல்லாம் ஞாபகார்த்தம்பா!" என்று பதறிப் போவார்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சித்தப்பா வருவதாகத் தகவல் கிடைத்தால், வேண்டிய கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றுங்கள்.